39 வயசோட கடை சாத்தியாச்சா?

டிஸ்கி: பதிவு கொஞ்சம் நீளம். ஆணி அதிகம் இருக்கிறவங்க புக்மார்க் பண்ணி வச்சுட்டு சாயந்திரமா வந்து படிங்க :)

"கவிதையா? அதெல்லாம் இருபத்தஞ்சு வயசுக்குள்ள எழுதியிருக்கணும் பாஸ்." "முப்பது தாண்டி புதுசா ஆரம்பிச்சு எவன் உருப்பட்டிருக்கான்?" எழுதணும், வரையணும், பாட்டுக்கு மெட்டுப் போடணும்னு ஆசைப்படுற யாருமே இந்த வசனத்தைக் கேட்காம தப்பிச்சிருக்க முடியாது. சொல்றவங்க கையில உதாரணமும் தயாரா இருக்கும். கீட்ஸ் 25 வயசுல போயிட்டார். ஷூபர்ட் 31. நம்ம பாரதி 38. பொட்டி தட்டுற நம்ம பொழப்பிலும் இதே வசனம் வேற வேஷத்துல வரும். 35 வயசுக்கு மேல மேனேஜர் ஆகாம கோடு எழுதிட்டு இருந்தா ஒரு மாதிரி பார்ப்பாங்க.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்துச்சு? இதை யாராவது உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்திருக்காங்களா? பார்த்திருக்காங்க. 150 வருஷமா பார்த்துட்டு இருக்காங்க. அந்தக் கணக்கோட வரலாறுதான் இந்தப் பதிவு.

தங்கம், வெள்ளி, தகரம், கட்டை

ஜார்ஜ் மில்லர் பியர்ட்னு அமெரிக்காவில் ஒரு நரம்பியல் டாக்டர். வயசானவங்க எழுதுற உயில், கோர்ட்டில் சொல்ற சாட்சி இதையெல்லாம் சட்டம் எந்த அளவுக்கு நம்பலாம் என்பதுதான் அவரோட கேள்வி. அதுக்குப் பதில் தேட ஒரு வேலை செய்தார். வரலாற்றில் பெயர் வாங்கினவங்க ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் வாழ்க்கை வரலாறுகளை எடுத்து, யார் எந்த வயசில் தன்னோட பெரிய வேலையைச் செய்தாங்கன்னு பட்டியல் போட்டார். 1874-ல் அது கட்டுரையா அச்சில் வந்தது.

உலகத்தோட பெரிய வேலைகளில் 70 சதவீதம் 45 வயசுக்குள்ள முடிஞ்சிடுது, 80 சதவீதம் 50 வயசுக்குள்ள முடிஞ்சிடுது என்றார். சராசரி உச்சம் 39-ஐ ஒட்டி. அதோட விடல. ஒவ்வொரு பத்து வருஷத்துக்கும் ஒரு பெயர் வச்சார். 30 முதல் 40 வரை தங்கம். 40-50 வெள்ளி. 20-30 பித்தளை. 50-60 இரும்பு. 60-70 தகரம். 70-80 கட்டை. ஆமாங்க, மரக்கட்டை!

இதை வெளியிட்டப்போ பியர்டுக்கு வயசு 35-ஐ ஒட்டி. அதாவது அவரே போட்ட பட்டியல்படி அவர் இருந்தது தங்கத்தில். நல்ல மனுஷன் :) பாவம், 1883-ல் 43 வயசிலேயே போய்ச் சேர்ந்துட்டார். இரும்பு எப்படி இருக்கும்னு பார்க்கக் கொடுத்து வைக்கல.

அடுத்து 1905. வில்லியம் ஆஸ்லர், அந்தக் காலத்து மருத்துவ உலகத்தோட சூப்பர் ஸ்டார், ஜான்ஸ் ஹாப்கின்ஸை விட்டு ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போறார். பிரிவு உபசார விழா. அங்கே பேசும்போது, நாற்பது தாண்டினவங்களால பெரிய பிரயோஜனம் இல்லை, அறுபது தாண்டினவங்களால சுத்தமா இல்லை என்கிற மாதிரி சொல்லிட்டு, வயசானவங்களை அனுப்பி வைக்கிற ஒரு நாவலைக் கிண்டலா இழுத்து, குளோரோஃபார்ம் பத்தியும் சொன்னார். பத்திரிகைகள் கிண்டலை விட்டுட்டு குளோரோஃபார்மை மட்டும் பிடிச்சுக்கிச்சு. நாடு முழுக்கக் களேபரம். இதைப் பேசினப்போ ஆஸ்லருக்கு வயசு 55. இன்றைக்கு சமூக வலைத்தளத்தில் பேசியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நீங்களே யோசிச்சுக்குங்க.

இந்த ரெண்டு பேரையும் விடப் பொறுமையா உட்கார்ந்து எண்ணினவர் ஹார்வி லேமன். ஒஹாயோ பல்கலைக்கழக உளவியலாளர். பல வருஷம் எண்ணி, 1953-ல் 'ஏஜ் அண்ட் அச்சீவ்மென்ட்' என்ற புத்தகமாகப் போட்டார். இவரோட முக்கியமான வேலை, எல்லாக் கலைஞரையும் ஒரே மூட்டையில் கட்டாம துறை துறையாப் பிரிச்சது. பிரிச்சதும் ஒரு விஷயம் தெளிவாத் தெரிஞ்சது. எல்லா மரமும் ஒரே மாசத்தில் காய்க்கல. சின்னத் தன்னுணர்வுக் கவிதைகளின் உச்சம் இருபதுகளின் கடைசியிலேயே வந்துடுது. எண்ணெய் ஓவியத்துக்கு முப்பதுகளின் முதல் பாதி. ஆப்பரா என்கிற இசை நாடகத்துக்கு முப்பதுகளின் கடைசி. நாவலுக்கு நாற்பது தாண்டி.

யோசிச்சா நியாயமாத்தான் படுது. ஒரு கவிதைக்குத் தேவை ஒரு தெறிப்பு. அந்தத் தெறிப்புக்கு அனுபவத்தை விடப் புதுசா பார்க்கிற கண்ணு முக்கியம். நாவலுக்கு மனுஷங்க வேணும், அவங்க பத்து வருஷத்தில் எப்படி மாறுறாங்கன்னு பார்த்திருக்கணும், நாலு சாவு வீடு, நாலு கல்யாண வீடு, ஒரு பாகப் பிரிவினை பார்த்திருக்கணும்.

கணக்கில் எங்கே உதைக்குது?

லாக் ஃபைலைப் பார்த்ததும் அது எப்படிச் சேகரிக்கப்பட்டதுன்னு கேட்கிறது நம்ம தொழில் வியாதி. பியர்ட் கணக்குக்கும் அதே கேள்வியைக் கேட்போம்.

சும்மா கற்பனைக்கு, நூறு எழுத்தாளர்கள். ஒவ்வொருத்தரும் வருஷத்துக்கு ஒரு புத்தகம், உயிரோட இருக்கிற வரைக்கும், ஒரே தரத்தில். இவங்கள்ல பாதிப் பேர் 50 வயசில் செத்துப் போறாங்கன்னு வைங்க. இப்போ கிராஃப் போட்டா 50-க்கு மேல கோடு பாதியா சரியும். "பாருங்க, அம்பதுக்கு மேல படைப்பாற்றல் பாதியாகிடுது"ன்னு ஒருத்தர் கட்டுரை எழுதலாம். உண்மையில் யாரோட மூளையும் மங்கல. பாதிப் பேர் ஆட்டத்திலேயே இல்லை, அவ்வளவுதான். காச நோயும் டைஃபாய்டும் இஷ்டத்துக்கு ஆளைத் தூக்கிக்கிட்டுப் போன காலத்து வாழ்க்கை வரலாறுகளை வச்சு எண்ணினா உச்சம் சின்ன வயசில்தான் வரும்.

லேமன் இதைக் கொஞ்சம் கவனிச்சார், உயிரோட இருக்கிறவங்க எண்ணிக்கைக்குத் தகுந்த மாதிரி கணக்கைச் சரி பண்ணினார். ஆனாலும் குறுகிய ஆயுள்காரங்களையும் நீண்ட ஆயுள்காரங்களையும் ஒரே பானையில் போட்டுக் கிளறினதா 1956-ல் வேய்ன் டென்னிஸ் என்ற உளவியலாளர் பிடிச்சுக்கிட்டார். பத்து வருஷம் கழிச்சு, 1966-ல், கிட்டத்தட்ட எண்பது வயசு வரைக்கும் வாழ்ந்தவங்களை மட்டும் எடுத்து எண்ணினார். வரலாறு, தத்துவம் மாதிரி துறைகளில் அறுபதுகளிலும் உற்பத்தி குறையல. கலைத் துறைகளில் குறைஞ்சது உண்மைதான், ஆனா இது எத்தனை எழுதினாங்க என்கிற எண்ணிக்கை மட்டுமே.

அந்த இடத்தில் இன்னொரு ஆளு வர்றார், டீன் கீத் சைமன்டன். இவர் சொன்னதில் ரெண்டு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒண்ணு, பிறந்ததிலிருந்து எண்ணாதீங்க, தொழிலை ஆரம்பிச்சதிலிருந்து எண்ணுங்க என்றார். வான்கோவைப் பாருங்க. ஓவியக் கடையில் வேலை, பள்ளிக்கூட வாத்தியார், புத்தகக் கடை, சுரங்கத் தொழிலாளிகள் மத்தியில் பிரசங்கம்னு எல்லாத்தையும் சுத்திட்டு, ஓவியன் ஆகணும்னு 1880-ல் முடிவு பண்ணினப்போ அவருக்கு 27 வயசு. பத்து வருஷத்தில், 37 வயசில், இறந்துட்டார். அவரை "இளம் மேதை"ன்னு சொல்றதை விட "பத்து வருஷ அனுபவசாலி"ன்னு சொல்றதுதான் சரி.

ரெண்டாவது, ஒரு கலைஞரோட நல்ல படைப்புகளுக்கும் மொத்தப் படைப்புகளுக்கும் உள்ள விகிதம் வயசோட பெருசா மாறுறதில்லை. நிறையச் செய்ற வருஷங்களில் நல்லதும் நிறைய வருது, குப்பையும் நிறைய வருது. 60 வயசில் நல்ல கதை குறைவா வருதுன்னா, அந்த வயசில் எழுதுறதே குறைவு. லாட்டரிச் சீட்டு வாங்குறதையே குறைச்சுட்டா பரிசு எப்படி விழும்?

ஒரே வருஷம், ரெண்டு ஓவியர்கள்

இப்போ கதையோட சுவாரசியமான பகுதிக்கு வருவோம். டேவிட் கேலன்சன் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியர். ஓவியங்கள் ஏலத்தில் என்ன விலைக்குப் போச்சு, அந்த ஓவியத்தை வரைஞ்சப்போ ஓவியருக்கு என்ன வயசு என்ற ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வச்சுப் பார்த்தார். கலை வரலாற்றுப் பாடப் புத்தகங்களில் எந்த வயசு ஓவியங்கள் அதிகம் அச்சாகுதுன்னும் எண்ணினார். 2006-ல் 'ஓல்ட் மாஸ்டர்ஸ் அண்ட் யங் ஜீனியஸஸ்' என்று புத்தகமா வந்தது.

பிக்காஸோவோட ஓவியங்களில் அதிக விலை போறது அவர் 26 வயசில் வரைஞ்சவை. செசானோட ஓவியங்களில் அதிக விலை போறது அவர் 67 வயசில் வரைஞ்சவை. செசான் இறந்ததே 67 வயசில்தான்! ரெண்டு பேரும் ஓவியர்கள், ரெண்டு பேரும் பாரிஸில் தலைகாட்டினவங்க, லேமன் அட்டவணைப்படி ரெண்டு பேருக்கும் முப்பதுகளில்தான் உச்சம் வந்திருக்கணும். அந்த முப்பதுகள் என்பது சராசரி மட்டும்தான். ஒரு கை அடுப்பிலும் ஒரு கை ஐஸ் பெட்டியிலும் இருக்கிறவனுக்கு சராசரியா சூடு சரியாத்தான் இருக்கும்னு சொல்ற கதை.

ரெண்டு பேரும் வேலை செஞ்ச முறையைப் பாருங்க. 1907-ல் பிக்காஸோ 'அவிஞ்யோன் பெண்கள்' ஓவியத்தை வரையறார், அப்போ அவருக்கு 26 நடக்குது. ஓவியத்துக்கு முன்னாடி நூற்றுக்கணக்கான மாதிரி வரைபடங்கள். என்ன பண்ணப் போறோம் என்கிற யோசனை முன்னாடி, அதை நிறைவேத்துறது பின்னாடி. முகத்தை ஒரே நேரத்தில் பல கோணத்தில் உடைச்சுக் காட்டலாம் என்பது ஒரு ஐடியா. ஐடியாவுக்கு நாற்பது வருஷப் பயிற்சி தேவையில்லை. சொல்லப் போனா பழைய வழிமுறை ரத்தத்தில் ஊறாம இருக்கிறதுதான் வசதி. தேடுறதை விடக் கண்டடையறதுதான் முக்கியம் என்கிற மாதிரி அவரே பின்னாளில் பேட்டி கொடுத்திருக்கார்.

செசான் நேர் எதிர். அவருக்கு முன்கூட்டி ஐடியா கிடையாது. மலையைப் பார்ப்பார், ஒரு கோடு போடுவார், மறுபடி பார்ப்பார். ஊருக்குப் பக்கத்தில் இருந்த சென்ட் விக்துவார் மலையைத் திரும்பத் திரும்ப, வருஷக் கணக்கில் வரைஞ்சார். ஓவிய வியாபாரி வொலார், செசான் தன்னை வரையறதுக்காக 115 தடவை உட்கார்ந்ததா எழுதியிருக்கார். அத்தனைக்கும் அப்புறம் செசான் வேலையை முடிக்காம நிறுத்திட்டு, சட்டையோட முன்பக்கம் பரவாயில்லை என்கிற அளவில்தான் திருப்திப்பட்டாராம்! பெரிய குளியல்காரிகள் ஓவியத்தை ஏழு வருஷம் போல வரைஞ்சும் முடிக்காமலே போனார். இவருக்கு ஓவியம் என்பதே தேடல்தான், கண்டுபிடிச்சிட்டேன்னு அவர் கடைசி வரைக்கும் சொல்லல.

நம்ம பாஷையில் சொன்னா பிக்காஸோ ஸ்பெக் எழுதி முடிச்சுட்டு கோடு எழுத உட்கார்றவர். செசான் ஸ்பெக்கே இல்லாம, தினமும் ஓட்டிப் பார்த்து, தினமும் மாத்தி, கடைசி வரை ரிலீஸ் பண்ணாத ஆள். கேலன்சன் முதல் வகையை கருத்தில் இருந்து கிளம்புறவங்கன்னும், ரெண்டாவது வகையை சோதிச்சுச் சோதிச்சுப் போறவங்கன்னும் பிரிக்கிறார். நான் இங்கே திட்டக்காரர், தேடல்காரர்னு வச்சுக்கிறேன். திட்டக்காரருக்கு உச்சம் சீக்கிரம் வரும். தேடல்காரருக்கு ஒவ்வொரு வருஷமும் கையில சேர்ற அறிவுதான் முதலீடு, அதனால உச்சம் கடைசியில்தான் வரும்.

கவிதையிலும் இதே பிளவுதான். ரம்போ (ஸ்டாலோன் இல்லீங்க, பிரெஞ்சுக் கவிஞர்) 20 வயசை ஒட்டிக் கவிதையை மூட்டை கட்டிட்டு, ஏடனுக்கும் ஹராருக்கும் போய்க் காப்பிக்கொட்டை வியாபாரம் பண்ணினார். 37 வயசில் இறந்தார். அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்டுக்கு முதல் புத்தகம் வெளிவந்ததே 1913-ல், 39 வயசில். பியர்ட் கணக்கில் அது மலை உச்சி, ஃப்ராஸ்டுக்கு அது அடிவாரம். தொகுப்பு நூல்களில் இடம்பெறும் அவரோட கவிதைகளில் சுமார் 42 சதவீதம் 50 வயசுக்கு மேல எழுதினவை என்கிறது கேலன்சனோட எண்ணிக்கை. கவிதைன்னா இருபத்தஞ்சு வயசுக்குள்ளன்னு சொல்ற பாஸ் இதைக் கொஞ்சம் படிச்சா தேவலை.

இசையில் ரோசினியும் வெர்டியும். 'செவில் நகர நாவிதன்' அரங்கேறினப்போ ரோசினிக்கு 24 நிறைய சில நாள் பாக்கி. 39 ஆப்பராக்கள் எழுதிட்டு, 37 வயசில் 'வில்லியம் டெல்'லோட (1829) ஆப்பராவையே நிறுத்திட்டார். அப்புறமும் 39 வருஷம் உயிரோட இருந்தார், நல்லாச் சாப்பிட்டார். வெர்டியோ 'ஒதெல்லோ'வை 73 வயசிலும் (1887), 'ஃபால்ஸ்டாஃப்'பை 79 வயசிலும் (1893) மேடையேத்தினார். 1840-ல், வீட்டில் அடுத்தடுத்து சாவு விழுந்த காலத்தில், அவர் எழுதின காமெடி ஆப்பரா படுதோல்வி. அதுக்கப்புறம் அம்பது வருஷம் கழிச்சு 'மரக்கட்டை' வயசில் மறுபடி காமெடியைத் தொட்டு, உலகத்தோட மிகச் சிறந்த காமெடி ஆப்பராக்களில் ஒன்றைக் கொடுத்தார் மனுஷன். தன்னை விட 28 வயசு சின்னவரான பொய்ட்டோ கதை வசனத்தோட பின்னாடியே நின்னதும் ஒரு காரணம்.

ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயை விட்டுட்டா பாவம். நம்ம எல்லாரோட டெஸ்க்டாப்பிலும் ஒரு காலத்தில் இருந்த அந்தப் 'பேரலை' ஓவியத்தை வரைஞ்சப்போ அவருக்கு வயசு 70-ஐ ஒட்டி. 1834-ல் வந்த ஒரு புத்தகத்தின் பின்குறிப்பில், எழுபது வயசுக்கு முன்னாடி நான் வரைஞ்சது எதுவும் கணக்கில் எடுத்துக்கிற மாதிரி இல்லை, இன்னும் சில பத்து வருஷம் போனா சரியா வரும் என்கிற பொருளில் எழுதி வச்சிருக்கார். தேடல்காரரோட அடையாளச் சீட்டு அது.

இந்தக் கோட்பாட்டுக்கும் ஓட்டைகள் உண்டு. ஏல விலை என்பது பணக்காரங்களோட ரசனை, கலையோட எடை இல்லை. அப்புறம் 'கேர்னிக்கா'வை வரைஞ்சப்போ பிக்காஸோவுக்கு 55 வயசு. ரெண்டே பெட்டியில் எல்லாரையும் அடைக்க முடியாது. கேலன்சனும் இதை ரெண்டு முனைக்கு நடுவில் இருக்கிற அளவுகோல் மாதிரிதான் பிறகு விளக்கினார். ஆனாலும் வயசை மட்டும் பார்க்கிற பியர்ட் கணக்கை விட, வேலை செய்ற முறையைப் பார்க்கிற இந்தக் கணக்கு எவ்வளவோ மேல்.

1886-ல் செசானை நிறுத்தியிருந்தா?

இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான்.

செசானுக்கு 38 வயசு ஆன 1877-ல் என்ன நடந்தது? இம்ப்ரெஷனிஸ்டுகளோட மூணாவது கண்காட்சியில் படங்களை வச்சார். விமர்சகர்கள் கிழிச்சுத் தொங்க விட்டாங்க. அதுக்கப்புறம் அந்தக் குழுவோட அவர் கண்காட்சி வைக்கவே இல்லை. அரசாங்க அங்கீகாரம் பெற்ற சலோன் கண்காட்சி அவரைத் திரும்பத் திரும்ப நிராகரிச்சது. 1882-ல் ஒரே ஒரு தடவை, இன்னொரு ஓவியரின் மாணவர் என்ற பெயரில் உள்ளே போக முடிஞ்சது. 1886-ல், அவருக்கு 47 வயசு. கூடப் படிச்ச பள்ளித் தோழர் எமீல் ஜோலா அதுக்குள்ள பிரான்ஸின் புகழ்பெற்ற நாவலாசிரியர். அந்த வருஷம் ஜோலா ஒரு நாவல் போடறார். அதில் வர்ற ஓவியன் முடிக்க முடியாத ஓவியத்துக்கு முன்னாடி தூக்கு மாட்டிக்கிறான். ஊரே அந்தப் பாத்திரத்தில் செசானோட சாயலைப் பார்த்தது. நெருங்கின நண்பனோட புத்தகமே கிட்டத்தட்ட "தோத்துட்டான்"னு தீர்ப்பு எழுதின மாதிரி. (அந்த நாவலாலதான் நட்பு முறிஞ்சதுன்னு ரொம்ப நாள் சொல்லிட்டு இருந்தாங்க. 1887-ல் செசான் எழுதின ஒரு கடிதம் பின்னாளில் கிடைச்சதிலிருந்து அந்தக் கதை ஆட்டம் கண்டிருக்கு.)

அவரோட முதல் தனிக் கண்காட்சி 1895-ல்தான். அப்போ வயசு 56.

அதுவரைக்கும் சோத்துக்கு என்ன பண்ணினார்? அப்பா தொப்பி வியாபாரத்தில் ஆரம்பிச்சு பேங்க் முதலாளி ஆனவர். பையன் சட்டம் படிக்கட்டும்னு நினைச்சவர். படிப்பை விட்டுட்டு ஓவியம் வரையப் போன பையனைத் திட்டிக்கிட்டே மாசா மாசம் பணம் அனுப்பினார். பையன் ஒரு பெண்ணோடயும் குழந்தையோடயும் ரகசியமாக் குடும்பம் நடத்துறது 1878-ல் தெரிஞ்சு, அப்பா பணத்தில் கை வச்சப்போ ஜோலா மாசா மாசம் உதவினார். 1886-ல் அப்பா இறந்து சொத்து வந்தது. அந்தச் சொத்துதான் சென்ட் விக்துவார் மலைக்கு முன்னாடி இன்னும் இருபது வருஷம் அவரை உட்கார வச்சது. வான்கோவுக்கு தம்பி தியோ. ரெண்டு பேர் கதையிலும் பில் கட்டினது வேற ஆள்.

திட்டக்காரர் 25 வயசில் ஜெயிச்சுக் காட்டிடுவார், சந்தை அவரைப் பார்த்துக்கும். தேடல்காரருக்கு முப்பது வருஷம் தோல்வி மாதிரி தெரியற வாழ்க்கை. அந்த முப்பது வருஷத்துக்கு யாராவது அரிசி பருப்பு வாங்கிப் போடணும். யாரும் போடலைன்னா அவர் குமாஸ்தாவாகி, குடும்பஸ்தராகி, காணாமப் போயிடுவார். புள்ளிவிவரத்திலும் வர மாட்டார். அப்புறம் நாம எண்ணிப் பார்த்துட்டு "பாருங்க, எல்லா மேதையும் சின்ன வயசுக்காரங்க"ன்னு சொல்வோம்!

பெண்களுக்கு இது இன்னும் பொருந்தும். பெனலோப் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற ஆங்கில எழுத்தாளர் மூணு பிள்ளைகளை வளர்த்து, வாத்தியார் வேலை பார்த்து, முதல் புத்தகம் போட்டப்போ வயசு 58. முதல் நாவல் 60 வயசில், சாகக் கிடந்த கணவருக்குப் பொழுதுபோகணும்னு எழுதினது. 62 வயசில் புக்கர் பரிசு (1979). அவங்களோட மிகச் சிறந்ததுன்னு பலரும் சொல்ற 'தி ப்ளூ ஃப்ளவர்' வந்தப்போ 78. இவங்களுக்கு மூளை லேட்டா வேலை செஞ்சதுன்னு யாராவது சொல்வாங்களா? மேசை லேட்டா கிடைச்சது.

நம்ம ஊர்க் கணக்கு

இப்போ பாரதிக்கு வருவோம். பாஞ்சாலி சபதத்தோட முதல் பாகம் 1912-ல், 29 வயசில், புதுச்சேரியில் தலைமறைவு வாழ்க்கை மாதிரி ஒரு வாழ்க்கைக்கு நடுவில் வெளிவந்தது. அந்தக் காலகட்டம்தான் அவரோட உச்சம்னு சொல்றாங்க. ரெண்டாம் பாகம் அவர் இறந்ததுக்கு அப்புறம், 1924-ல்தான் அச்சானது. 39 வயசைக்கூடத் தொடாத மனுஷனுக்கு 29-ல் உச்சம்னு நாம எப்படி முடிவு பண்றோம்? 50 வயசு பாரதி ஒருத்தர் இருந்திருந்தா நாவல் எழுதியிருப்பாரா, உரைநடையில் என்ன பண்ணியிருப்பார்? தெரிஞ்சுக்க வழியே இல்லை.

புதுமைப்பித்தன் இன்னும் வயித்தெரிச்சல். மணிக்கொடியில் 1934-ஐ ஒட்டி, 28 வயசில், கதைகள் கொட்டின காலத்தைப் பெரிசாப் பேசறோம். ஆனா 'சாபவிமோசன'மும் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையும் 1943-ல் வந்தவை. அப்போ அவருக்கு 37. கோடு இறங்கல, ஏறிக்கிட்டு இருந்தது. அப்புறம் பணத்துக்காக சினிமா, 'ராஜமுக்தி' படத்துக்காகப் புனா, காச நோய், 1948 ஜூன் மாசம் 42 வயசில் மரணம். இதை உச்சம்னு சொல்ல எனக்கு மனசு வரல. மலை உச்சி வேற, பாதி மலையில் ரோடு அறுந்து போறது வேற.

ரோடு அறுந்து போகாம இருந்தா என்ன ஆகும் என்பதுக்கு நம்மகிட்டயே சாட்சி இருக்கு. கி.ரா.! இடைசெவல் கிராமத்து விவசாயி. பள்ளிப்படிப்பே முழுசா இல்லை. முதல் சிறுகதை வந்ததே முப்பதுகளின் நடுவில். 'கோபல்ல கிராமம்' 1976-ல், ஐம்பது தாண்டி. கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதி அதுக்கும் அப்புறம். 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு 1991-ல் சாகித்ய அகாதமி விருது. தொண்ணூறு தாண்டியும் எழுதிக்கிட்டே இருந்தார். நூறைத் தொடக் கொஞ்சம் பாக்கி இருந்தப்போ, 2021 மே மாசம் இறந்தார். ஊர் ஊரா, திண்ணை திண்ணையா கேட்ட கதைகளும் சொற்களும் சேரச் சேரத்தான் அவர் எழுத்து கனமாச்சு. 38 வயசில் அவர் கணக்கை முடிச்சிருந்தா நமக்குக் கிடைச்சிருக்கப் போறது நாலஞ்சு நல்ல சிறுகதை மட்டும்தான்.

அதனால...

வயசுக்கும் படைப்புக்கும் சம்பந்தமே இல்லைன்னு நான் சொல்ல வரல. லேமன் எண்ணினதில் உண்மை இருக்கு. உடம்பு தளருது, எழுதுற எண்ணிக்கை குறையுது. ஆனா அந்தச் சராசரியை எடுத்து ஒருத்தர் முகத்துக்கு நேரா நீட்டி "உன் நேரம் முடிஞ்சது"ன்னு சொல்ல அதுக்கு யோக்கியதை கிடையாது. அவர் எந்த வகை ஆள், எப்போ ஆரம்பிச்சார், எத்தனை தடவை முயற்சி பண்ணினார், அவருக்குப் பில் கட்ட யார் இருந்தாங்க? இதெல்லாம் கேட்காம வயசை மட்டும் கேட்கிறது சோம்பேறித்தனம்.

பதிவு எழுதுற நம்மள்ல முக்கால்வாசிப் பேர் தேடல்காரங்கன்னு நினைக்கிறேன். என்ன சொல்ல வர்றோம்னு மூணாவது பத்தியில்தான் நமக்கே தெரியுது. நமக்கு அப்பாவோட பேங்க் கிடையாது, ஆனா மாசச் சம்பளம் வருது. அந்த வகையில் நமக்கு தியோ நாமளேதான். புதுமைப்பித்தனுக்கு இது கூட வாய்க்கல. ராத்திரி பத்து மணிக்கு மேல கிடைக்கிற ஒரு மணி நேரத்தை 28 வயசிலேயே "லேட்டாயிடுச்சு"ன்னு தூக்கிப் போட்டா அது நமக்கு நாமே வைக்கிற ஆப்பு.

அப்புறம் ஒரு வேண்டுகோள். உங்க பக்கத்தில் யாராவது ஒருத்தர் இருப்பாங்க. நாற்பத்தஞ்சு வயசு, இன்னும் ஒரு புத்தகம் கூட வரல, சொந்தக்காரங்க எல்லாம் கிண்டல் பண்றாங்க, ஆனாலும் ஏதோ எழுதிக்கிட்டோ வரைஞ்சுக்கிட்டோ இருப்பாங்க. அவங்ககிட்ட "இன்னுமா?"ன்னு மட்டும் கேட்காதீங்க. முடிஞ்சா எழுதினதை வாங்கிப் படிங்க. புத்தகம் போட்டா காசு கொடுத்து வாங்குங்க, ஓசியில் கையெழுத்துப் பிரதி கேட்காதீங்க :)

பி.கு: தமிழில் லேட்டா ஆரம்பிச்சுப் பின்னி எடுத்தவங்க, குறிப்பா பெண் எழுத்தாளர்கள், நாட்டுப்புறக் கலைஞர்கள் பத்தித் தெரிஞ்சவங்க பின்னூட்டத்தில் சொல்லுங்க. எந்த வயசில் ஆரம்பிச்சாங்க என்பதோட, அதுவரைக்கும் என்ன வேலை பார்த்தாங்க, யார் துணையா இருந்தாங்க என்பதையும் சேர்த்து எழுதுங்க. நாலு பேர் தேறினா அவங்களுக்குன்னு தனிப் பதிவே போட்டுடலாம்.